குலசையில் கொசுவம் மடித்த கை

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் குலசேகரன்பட்டினத்துக்குத் தசராவின் பத்தாம் நாள் பிற்பகலில் போய்ச் சேர்ந்தோம். வண்டியை ஊருக்கு வெகு முன்பே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருந்தது. குரங்கு, கரடி, போலீஸ்காரர், குறத்தி என்று நேர்ந்துகொண்ட வேடங்களில் வீடுவீடாகத் தர்மம் எடுத்து, அந்தக் காணிக்கையை அம்மனுக்குச் செலுத்த வந்தவர்களின் நடுவே, செஞ்சேலையும் சடைமுடியுமாகக் காளிகள் நடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

கருவறையில் முத்தாரம்மனும் ஞானமூர்த்தீஸ்வரரும் ஒரே பீடத்தில் வடக்கு நோக்கி அமர்ந்திருக்கிறார்கள். ஆனாலும் அதை ஈஸ்வரன் கோயில் என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. அம்மை முத்தை ஆற்றுபவள் என்பதால் முத்தாரம்மன் என்பார்கள்.

தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது, ஓர் உடைமரத்து நிழலில் ஒரு மூதாட்டி தம் மகனுக்குக் காளி வேடம் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டேன். வீட்டை விட்டு விலகி ஓலைக் குடிலில் தங்கி, தானே பொங்கி ஒரு வேளை மட்டும் உண்டு 41 நாள் விரதம் இருந்தவராம் அந்த மகன். “ஏல, மூச்ச இழுத்துப் பிடில” என்று அதட்டிக்கொண்டே கிழவி கொசுவத்தை மடித்துச் செருகினார். பல்லில் ஊக்கைக் கடித்திருந்தவரிடம், நீங்கள் வேடம் கட்டியதில்லையா ஆச்சி என்று கேட்டேன். ஊக்கை எடுத்துவிட்டுச் சிரித்தார். “எனக்கு எதுக்குய்யா வேசம்? அவந்தான ஆம்பள, அவனுக்குத்தான் வேணும்.”

பெண்களும் இங்கே வேடம் அணிகிறார்கள், தீச்சட்டி எடுக்கிறார்கள். ஆனால் இடைவிடாத விரதக் கணக்கு மாதவிலக்குள்ள உடம்புக்கு ஒத்துவராது என்று சொல்லியே காளி வேடத்திலிருந்து அவர்களை விலக்கும் வழக்கமும் இருக்கிறது. பெண் தெய்வத்துக்கே பெண் உடல் ஆகாதென்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது; கிழவியின் சிரிப்புக்குப் பிறகு, அந்த உறுத்தலை அவரிடம் விளக்க எனக்கு வாய் வரவில்லை.

முதுகில் தகரக் கைகளைக் கட்டி, கிரீடத்தைத் தூக்கித் தலையில் வைத்து நாடாவை இறுக்கினார். அவ்வளவுதான், அதுவரை ‘ஏல’ போட்டவர் மணலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, “தாயே, எம் பேத்திய கரையேத்திரு” என்று கும்பிட்டார். மகன் குனிந்து, யாரோ ஒரு பக்தைக்குப் பூசுவதுபோல் அவர் நெற்றியில் திருநீறு பூசினார்.

நள்ளிரவில் கடற்கரையில் சிங்கமுகமும் எருமைமுகமுமாக மாறி மாறி வந்த மகிஷாசுரனை அம்மன் வதம் செய்தபோது எழுந்த குலவை அலையோசையையே அமுக்கிவிட்டது. கூட்டம் கலைந்து நாங்கள் வண்டியை நோக்கி நடக்கையில் அந்த இருவரையும் மறுபடி கண்டேன். சாயம் கலைந்த முகத்தோடு மகன் முன்னால் தள்ளாடி நடக்க, கிரீடத்தைத் தலையில் சுமந்தபடி பின்னால் வந்த ஆச்சி, “ஏல, மெல்லப் போ, சேல தட்டும்” என்றார்.