நடைபாதை முடியும் இடம்

இன்று மாலை எதிர்வீட்டு அம்மா தெருமுனை வரை நடந்துவிட்டு, அங்கேயே திரும்பிவிட்டார்.

அதற்கு மேல் நடைபாதை இல்லை. ஓரமெல்லாம் வண்டிகள், நடப்பவர் சாலையில்தான் இறங்க வேண்டும். அவர் மதிலைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மெல்லக் கீழே வைத்துப் பார்த்தார். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டதும் சட்டென்று காலை இழுத்துக்கொண்டார்.

அவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே நடப்பீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த நடை சாதாரணமானதல்ல. 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் 7 சதவீத எடைக்குறைப்பும் இலக்காகக் கொண்டவர்களிடம் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம்தான். இயங்கும் தசை, சர்க்கரையை உள்ளே எடுக்கச் சொல்லும் இன்சுலின் ஹார்மோனை எதிர்பாராமலே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். இன்சுலினுக்குச் சரியாக இணங்காத உடலுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

விளக்கில்லாத தெருவில், நிழலில்லாத சாலையில், உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லாத இடத்தில் இந்த 150 நிமிடங்களை எப்படிச் சேர்ப்பது? நடக்காதவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. மூட்டுவலியோடு வெளியே வருபவருக்கு உடைந்த ஒரு கல்லே போதும், மறுநாள் வீட்டிலேயே இருந்துவிட.

நடைபாதையை அடுத்த தெரு வரை நீட்டச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெருக்காரர்கள் கையெழுத்திட வாருங்கள்.