தாராவி ஷெட்டில் ஒரு ஜெட் ஸ்கி

செப்டம்பர் 9, 2025, செவ்வாய்

மத்தியானமே வர வேண்டிய டெம்போ ராத்திரி ஒன்பதுக்குத்தான் வந்தது. அலிபாக் பக்கத்து மாண்ட்வாவில் வண்டிகளை ஏற்றும் ரோ-ரோ கப்பல் ஏறி, மும்பை பாவுச்சா தக்காவில் இறங்கி, வடாலா நெரிசலில் ஊர்ந்து 90 அடி ரோட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இருபது வருசமாக பைக் மட்டுமே ஏறிய என் ஷெட்டுக்குள் இன்று ஒரு ஜெட் ஸ்கி. யமஹா, டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், 701 சிசி. அத்தான் அலிபாக் பக்கம் வாட்டர் ஸ்போர்ட்ஸ் நடத்துகிறார். மழைக்கு முன்னாடி மே மாசம் செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்டது.

"மாப்ள, கார்ப் க்ளீன் பண்ணா போதும்னு வித்தவன் சொன்னான். ரெண்டு தடவ பண்ணியாச்சு, பத்து நிமிசத்துல நின்னுருது. மூடியத் தெறந்து பெட்ரோல் இருக்கான்னு பாத்துட்டு செல்ஃப் அடிச்சா ஓடுது, மறுபடி நிக்குது."

சீட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப், அதாவது கார்புரேட்டர் மூடியின் ஸ்க்ரூ தலை நான்கும் நைந்து வட்டமாகிவிட்டது. இரண்டு தடவை இல்லை, பல கை பட்டிருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

முதலில் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் அமுக்கும் அழுத்தம். முன் சிலிண்டர் 130 பிஎஸ்ஐ, பின் சிலிண்டர் 128. மனசு லேசானது. பிஸ்டனும் ரிங்கும் பிழைத்திருக்கிறது என்றால் மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஹோஸ் மாட்டி ஓட விட்டேன். இதற்கு ரேடியேட்டர் கிடையாது, கடல் தண்ணீரே இன்ஜினைக் குளிர வைக்கும். தரையில் ஓட்டும்போது குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும், அதிலும் வரிசை தப்பக்கூடாது. இன்ஜின் ஓடிய பிறகுதான் குழாயைத் திறக்கணும். குழாயை மூடிய பிறகுதான் இன்ஜினை நிறுத்தணும். மாற்றிச் செய்தால் தண்ணீர் சைலன்சர் வழியாகத் திரும்பி சிலிண்டருக்குள் போய்விடும். தண்ணீரை பிஸ்டன் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். உதவிக்கு நிற்கும் பையனை இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டேன்.

சோக் இழுத்ததும் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங்கில் நிலையாக ஓடுகிறது. ஆக்ஸிலேட்டரைக் கால்வாசி கொடுத்தால் மூச்சுத் திணறி அமுங்குகிறது. அதே நேரம் சோக்கைப் பாதி இழுத்தேன், உடனே ஏறியது. காற்றைக் குறைத்தால் ஏறுகிறதென்றால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். பிளக்கைக் கழற்றினால் பின்னது வறுத்த மல்லி நிறம், முன்னது சுண்ணாம்பு வெள்ளை.

அந்த வெள்ளைதான் எனக்குப் பயம். எண்ணெயைக் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், எண்ணெயும் குறையும். ஆர்எக்ஸ் 100 பைக்கின் பிஸ்டனில் ஐந்து ரூபாய் நாணயம் போக ஓட்டை விழுந்ததை இந்த மேஜையிலேயே பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 13, சனி

கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு இரண்டு கார்ப்பையும் பிரித்தேன். மிக்குனி கம்பெனி, டயஃப்ரம் வகை.

பைக் கார்ப் பார்த்துப் பழகிய கைக்கு இது வேறு உலகம். இதில் கிண்ணமும் இல்லை, மிதவையும் இல்லை. அலையில் சாய்ந்து, துள்ளி, சில நேரம் கவிழ்ந்தும் போகிற வண்டியில் மிதவை எங்கே மட்டம் நிற்கும்? அந்த வேலையை ஒரு ரப்பர் டயஃப்ரம் செய்கிறது. இன்ஜின் உறிஞ்சும்போது டயஃப்ரம் உள்வாங்கி ஒரு சின்ன நெம்புகோலை அமுக்கும், பெட்ரோல் வழியை அடைத்திருக்கும் நீடில் திறக்கும், தேவையான பெட்ரோல் மட்டும் உள்ளே வரும். நெம்புகோலுக்கு அடியில் ஒரு குட்டி ஸ்பிரிங். பெட்ரோல் பம்பும் கார்ப் உடம்பிலேயே இருக்கிறது. இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் மூச்சு ஒரு ரப்பர் குழாய் வழியாக வந்து இன்னொரு மெல்லிய படலத்தை ஆட்டுகிறது, அதுதான் பம்ப்.

பம்ப் மூடிக்கு அடியில் கட்டைவிரல் நக அளவு ஒரு வலை. முன் கார்ப்பின் வலையில் பச்சை உப்பும் பழைய குழாயின் ரப்பர் தூளும் அப்பிக்கிடந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் கால்வாசிக் கண்தான் திறந்திருக்கிறது. இரண்டு தடவை க்ளீன் பண்ணியவர்கள் இந்த மூடியைக் கழற்றவே இல்லை. வெளியே ஸ்ப்ரே அடித்துத் துடைத்திருக்கிறார்கள், அந்த ஸ்ப்ரே பட்டு டயஃப்ரமும் அப்பளமாக விறைத்துவிட்டது.

டேங்கிலிருந்து பெட்ரோல் எடுத்து அளவுக் குப்பியில் வைத்தேன். அடியில் கலங்கலாக ஒரு தனி அடுக்கு. இப்போது பங்கில் வருவது 20 சதம் எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணீரை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்துவிடும். மே மாசம் ஊற்றியதை மும்பை மழைக்காலம் முழுக்க பாதி டேங்கில் விட்டால் வேறென்ன ஆகும். பச்சை உப்பு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

தூக்கம் வராமல் அந்த ஸ்பிரிங்குகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முன்னது பின்னதைவிடக் குட்டை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு முனை கட்டர் பட்டு மின்னுகிறது. யாரோ வெட்டியிருக்கிறார்கள்!

ஏன் என்று யோசித்ததும் கோபம் வந்தது. முன் சிலிண்டருக்குப் பெட்ரோல் போதவில்லை என்று கண்டுபிடித்தவன் வலையைத் தேடாமல் ஸ்பிரிங்கை வெட்டி நீடிலை இலேசாகத் திறக்க வைத்திருக்கிறான். மெதுவாக ஓட்டும்போது சரியானது போலத் தெரிந்திருக்கும், ஃபுல் த்ராட்டிலில் அடைபட்ட வலை போதிய பெட்ரோலை விடாது. நோயை மறைத்துக் கொடுத்திருக்கிறான். இதில் ஊர் பேர் தெரியாத குடும்பங்கள் குழந்தைகளோடு ஏறும். ஜெட் ஸ்கியில் தண்ணீர் பீய்ச்சுவதுதான் ஸ்டியரிங். இன்ஜின் நின்றால் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது, ஓதம் இழுத்த பக்கம் போகும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஓப்ரா ஹவுஸ் பக்கம் நாலு கடை ஏறி இறங்கினேன், யாரும் இந்த கார்ப்பைக் கண்டதில்லை. நாக்தேவி தெருவில் ஓ-ரிங்கும், பெட்ரோலுக்குத் தாங்கும் குழாயும் கிடைத்தது. டயஃப்ரம் கிட்டும் ஸ்பிரிங்கும் ஆன்லைனில்தான். அத்தான் பாதி விலையில் ஒரு டூப்ளிகேட் கிட் படம் அனுப்பினார்.

"அத்தான், அதுல வால்வு படலம் கெட்டியா வரும், பம்ப் ஆடாது. வேண்டாம்."

"ரெண்டும் ரப்பர்தானல?"

"நீங்க ஏறி ஓட்டுற வண்டின்னா சரி. ஊர் பிள்ளைக ஏறுறது."

ஒரிஜினலுக்குப் பணம் வந்துவிட்டது.

செப்டம்பர் 19, வெள்ளி

கிட் வந்தது. பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டுகளைக் கம்பி விடாமல் காற்று மட்டும் அடித்து எடுத்தேன். பித்தளைத் துளை இம்மி அகன்றாலும் கணக்குப் போச்சு. நெம்புகோல் கார்ப் தரைக்குச் சரிமட்டமாக நிற்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேலை ஓரமாக வைத்துப் பார்த்தேன்.

அப்புறம் பாப்-ஆஃப் சோதனை, நீடில் எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று பார்ப்பது. சைக்கிள் பம்பில் டீ வடிவ இணைப்பு போட்டு ஒரு கேஜ் மாட்டி பெட்ரோல் வாயில் செருகினேன். நீடிலில் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டுத்தான் அடிக்கணும், உலர்ந்த நீடில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் காட்டும். முள் மெதுவாக ஏறி ஏறி, ஒரு இடத்தில் 'டப்'பென்று விழும். வெட்டிய ஸ்பிரிங்கோடு 18 பிஎஸ்ஐ. புதுசு போட்டதும் 32. பின் கார்ப் 33. மூன்று தடவை அடித்தேன், மூன்றும் அதே. 10 பிஎஸ்ஐயில் நிறுத்தி வைத்தேன், டீ குடித்து முடிக்கும்வரை முள் அசையவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வண்டியோடு அலிபாக் பக்கம் முதல் கப்பல். அம்மாவுக்கு இன்றைக்குக் கடலுக்குப் போவது பிடிக்கவில்லை, இடுப்பளவுத் தண்ணீர்தான் என்று சொல்லிக் கிளம்பினேன்.

கடலில் இறக்கியதும் திணறல் சுத்தமாக இல்லை. தொட்டால் பாய்கிறது. அத்தான் கரையில் கைதட்டினார். எட்டாவது நிமிசம் நின்றுவிட்டது.

வண்டியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றபோதுதான் அத்தான் முதல் நாள் சொன்னது காதில் விழுந்தது. மூடியைத் திறந்து பார்த்தால் ஓடுகிறது. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் திறந்தார்கள், வண்டி ஓடியதோ திறந்ததால்! டேங்க் மூடியில் காதை வைத்துக்கொண்டு மெல்லத் திருகினேன். 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது, ஒரு நீண்ட மூச்சு. செல்ஃப் தொட்டதும் ஓடியது.

பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று வரணும். வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் கொட்டாமல் இருக்க அந்தக் காற்றுக் குழாயில் காற்றை உள்ளே மட்டும் விடும் ஒருவழி வால்வு வைத்திருக்கிறார்கள். கழற்றி வாயில் வைத்து ஊதினேன். இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. உப்பு கட்டி அடைத்திருக்கிறது. இது பத்து நாளைக்கு முன்பே நான் ஊதிப் பார்த்திருக்க வேண்டிய வால்வு. கார்ப், கார்ப் என்று எல்லோரும் சொன்னதால் நானும் டேங்கிலிருந்து தொடங்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஸ்பானர் செட், கம்ப்ரஸர், அந்த சைக்கிள் பம்ப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். புது வால்வு நேற்றுத்தான் வந்தது, அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

வால்வைக் காற்று டேங்குக்குள் போகிற பக்கம் பார்த்து மாட்டினேன். டேங்கைக் கழுவிக் காயவைத்து அன்றைக்கு வாங்கிய பெட்ரோல். ஓட்டுகிற பையன் நாற்பது நிமிசம் சுற்றினான், நான் கரையில் உட்காரவே இல்லை.

கடைசியில் ஃபுல் த்ராட்டிலில் போய், அப்படியே கில் கயிற்றை இழுத்து நிறுத்தச் சொன்னேன். கரைக்கு இழுத்து வந்து பிளக்கைக் கழற்றினோம். பின்னது மல்லி நிறம், முன்னது கொஞ்சம் வெளுப்பு. முன் கார்ப்பில், வேகத்தில் பெட்ரோல் அளவு வைக்கும் ஹை ஸ்க்ரூவைக் கால் திருப்பு திறந்தேன். மறுபடி ஒரு ஓட்டம். இரண்டும் ஒரே நிறம்.

"சீசன் முடிஞ்சதும் பெட்ரோல் முழுக்க வடிச்சிரணும் அத்தான். பாதி டேங்குல விடக்கூடாது."

"எழுதிக் குடு மாப்ள, மறந்துருவேன்."

சீட்டுக்கு அடியில், உப்புப் படாத இடமாகப் பார்த்து வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் எழுதினேன்: லோ 1 திருப்பு, ஹை 1, பாப்-ஆஃப் 32. ஸ்பிரிங் புதுசு, வெட்டாதே. நின்றால் முதலில் டேங்க் மூடியைத் திற.