மகன் காலேஜ் மாறினான்: டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் அனுபவம்

மகன் காலேஜ் மாறியது எப்படி என்று டெக்சஸில் தெரிந்த பெற்றோர் சிலர் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். எங்கள் மகன் அமெரிக்கன் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறிகிறவன். முதலில் சேர்ந்த காலேஜில் இரண்டு சீசனும் பெரும்பாலும் ஓரத்தில் தொப்பியோடு நின்று, உள்ளே ஆடுகிறவனுக்குக் கையால் சிக்னல் காட்டியதுதான் வேலை. எறிந்த பந்தைப் பிடிக்கிற ரிசீவர் என்றால் நாலைந்து பேர் மாறி மாறி இறங்கலாம். குவார்ட்டர்பேக்குக்கு இடம் ஒன்றே ஒன்று. ஆடுகிறவனுக்கு அடிபட்டால்தான் அடுத்தவனுக்கு வழி, அப்படி நடக்கட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்ளவா முடியும்?

இரண்டாவது சீசன் முடிந்த டிசம்பரில், "அப்பா, போர்ட்டலில் பெயர் கொடுத்துடறேன்" என்றான். மற்ற காலேஜ் கோச்கள் பார்க்கும்படி, மாற விரும்பும் வீரர்களின் பெயர் ஏறும் பட்டியல்தான் அது. முன்பெல்லாம் காலேஜ் மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட் ஓக்லஹோமா காலேஜுக்கு மாறிப் போய் 2014 முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். 2021-இல் முதல்முறை மாறுகிறவர்களுக்கு அந்தத் தடை போனது; 2024 முதல் எத்தனை முறை மாறினாலும் படிப்புக் கணக்கு சரியாக இருந்தால் உடனே ஆடலாம். எழுதிக் கொடுத்தால் காலேஜ் இரண்டு வேலை நாளுக்குள் பெயரைப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். ஆனால் ஏறிய பிறகு பழைய காலேஜ் அந்த டெர்ம் முடிவோடு ஸ்காலர்ஷிப்பை நிறுத்திக்கொள்ளலாம், திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. இதை யாரும் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்ல மாட்டார்கள்.

முதல் சில நாள் போன் ஓயவில்லை. அப்புறம் ஒரேயடியாக அடங்கிவிட்டது, ஏனென்றால் பெரிய பெயர்கள் எங்கே போகிறார்கள் என்று தெரியும்வரை கோச்கள் மற்றவர்களைக் காக்க வைப்பார்கள். வீடியோ காலில் வந்த ஒரு கோச், எவ்வளவு தூரம் எறிவாய் என்றெல்லாம் கேட்கவில்லை. பழைய மேட்ச்சில் ஒரு மூன்றாவது டவுன் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது) காட்சியை ஓடவிட்டு, பந்து கைக்கு வருவதற்குமுன் நிறுத்தி, "இங்கே உனக்கு யார் பாதுகாப்பு, எதிரணியில் அந்த லைன்பேக்கர் பாய்ந்தால் பந்து எங்கே போகும்?" என்றார். இவன் பதில் சொல்லிக்கொண்டே போனான், அவர் குறித்துக்கொண்டே இருந்தார். நாங்கள் பதிலுக்குக் கேட்டது இரண்டுதான்: குவார்ட்டர்பேக் ஏற்கெனவே எத்தனை பேர், தாக்குதல் பிரிவு கோச் அடுத்த வருடமும் இருப்பாரா? அவர் போனால் பிளேபுக்கும், அதாவது ஆட்டத் திட்டப் புத்தகமும், போய்விடும், பையன் மறுபடி அனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

உண்மையில் எங்களைப் படுத்தி எடுத்தது கிரெடிட் விவகாரம், அதாவது படித்த பாடங்கள் டிகிரிக் கணக்கில் சேருமா என்பது. காலேஜ் விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி மூன்றாம் வருடம் தொடங்கும்போது டிகிரியில் 40 சதவீதமும், நான்காம் வருடத்துக்கு 60 சதவீதமும் முடிந்திருக்க வேண்டும், அதுவும் புதிய காலேஜின் டிகிரிக் கணக்கில். அவன் படித்த பிசினஸ் பாடங்களில் சிலவற்றை ஓரிடத்தில் விருப்பப் பாடமாக மட்டும் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். அப்படியானால் பாஸ் செய்த பாடமே கணக்கில் விழாது, ஆட்டமும் கிடையாது. "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற காலேஜை அன்றைக்கே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று எழுத்தில் கொடுத்த காலேஜில்தான் சேர்த்தோம். கொஞ்சம் சின்ன இடம்தான், பரவாயில்லை.

என் மனைவிக்கு ஃபுட்பாலில் பெரிய ஆர்வமில்லை, ஆனால் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ கதையை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறார். ஒஹாயோ ஸ்டேட்டில் மூன்றே வருடத்தில் டிகிரியை முடித்துவிட்டதால்தான் அவரால் 2018-இல் எல்எஸ்யூவில் (லூசியானா ஸ்டேட்) காத்திருக்காமல் ஆட முடிந்தது. அங்கேயும் முதல் வருடம், புள்ளி வாங்கித் தரும் டச்டவுன் பாஸ் 16-தான். அடுத்த வருடம் 60, தோல்வியே இல்லாமல் சாம்பியன். இன்னொரு குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸும் அலபாமாவில் பட்டத்தை வாங்கிக்கொண்டுதான் ஓக்லஹோமாவுக்குக் கிளம்பினார். எல்லாரும் 60-ஐப் பேசுகிறார்கள், எனக்கு அந்த 16-தான் முக்கியமாகப் படுகிறது.

ஜனவரியில் சேர்ந்ததால் வசந்தகாலப் பயிற்சி முழுதாகக் கிடைத்தது. பழைய இடத்தில் பழகிய அதே ஆட்டத் திட்டத்துக்கு இங்கே வேறு பெயர், வேறு சைகை. குளியலறைக் கண்ணாடி முழுக்க அட்டை ஒட்டிவைத்துப் படித்தான். இப்போது இரண்டாவது இடத்தில் இருக்கிறான், சில ஆட்டங்களில் கடைசிக் கால்பகுதியில் இறக்கினார்கள். முதல் இடத்துப் பையன் இந்த வருடத்தோடு முடிக்கிறான். அதற்காக இடம் இவனுக்குத்தான் என்று சொல்ல முடியாது, சீசன் முடிந்ததும் கோச்சும் அதே போர்ட்டலைத்தான் திறந்து பார்ப்பார்.