நீலகிரிக்கு வண்ணம் பிரித்த அனுபவம்: நிலத்தோற்ற வரைபட ப்ராஜெக்ட் எடுப்பவர்களுக்கு

முதுகலைப் புவியியல் ப்ராஜெக்டுக்காக நீலகிரியின் வண்ண நிலத்தோற்ற வரைபடத்தை, அதாவது உயரத்துக்கு ஏற்ப நிறம் மாறும் வரைபடத்தை, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் செய்தேன். இதே வேலையை எடுக்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் நேரத்தில் பாதியை எந்த உயரத்தில் நிறம் மாற வேண்டும் என்ற வண்ண எல்லைகளுக்கென ஒதுக்கி வையுங்கள்.

தரவு கிடைப்பதில் சிரமமில்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இலவசம்தான். ஒரு பிக்சல் ஏறக்குறைய 30 மீட்டர். இறக்கியதும் தூரத்தை மீட்டரில் அளக்கும் யூடிஎம் ஆள்கூற்று முறையின் 43 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிவிடுங்கள். மூலத் தரவில் தரைத்தூரம் டிகிரியிலும் உயரம் மீட்டரிலும் இருப்பதால், அப்படியே ஹில்ஷேட் (மலைக்கு ஒளி-நிழல் கொடுக்கும் அடுக்கு) போட்டால் மலை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக வரும். மாற்றும்போது, அக்கம்பக்கத்து பிக்சல்களின் சராசரியை எடுக்கும் பைலீனியர் முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் நிழலில் கட்டம் கட்டமாகக் கோடு விழும்.

அப்புறம் வண்ணம். மென்பொருள் உயரத்தைச் சம இடைவெளியில் பிரித்துக் கொடுக்கும். நீலகிரிக்கு அது ஒத்துவராது. மேட்டுப்பாளையத்தின் 300 சொச்சம் மீட்டரிலிருந்து குன்னூரின் 1,850 வரை மலை கிடுகிடுவென ஏறிவிடுகிறது. அந்தக் குறுகிய சரிவிலேயே பாதிக்குமேல் வண்ணங்கள் தீர்ந்துபோகும். ஊட்டியைச் சுற்றிய பரந்த மேட்டுநிலத்துக்கு இரண்டு மூன்றுதான் மிஞ்சும். அதனால் சரிவில் இடைவெளியை அகலமாக வைத்து, 1,800க்கு மேல் 200 மீட்டருக்கு ஒரு வண்ணம் கொடுத்தேன். தொட்டபெட்டா தொடர் தனியாக எழுந்து நின்றது.

600 மீட்டர் வாக்கில் ஓர் எல்லை கட்டாயம் வையுங்கள். கிழக்கு அடிவாரம் 300 மீட்டர் உயரத்தில் இருக்க, வடக்கே மசினகுடிப் பக்கம் மைசூர்ப் பீடபூமி வந்து ஒட்டுவதால் அடிவாரமே 900ஐத் தாண்டுகிறது. ஒரே மலையின் இரு அடிவாரங்களும் இரு வண்ணத்தில் தெரிவது இந்த வரைபடத்தின் உயிர்நாடி.

தாழ்நிலத்துக்கு அடர்பச்சை வேண்டாம். பார்ப்பவர் காடு என்று நினைத்துக்கொள்வார். "உச்சிக்கு ஏன் வெள்ளை வைக்கலைம்மா?" என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) புறத்தேர்வாளர் கேட்டார். "பனி மூடிய சிகரம் அங்கே இல்லையே சார், வெள்ளை வைத்தால் இமயமலை மாதிரி ஆகிவிடும்" என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

ஹில்ஷேடுக்கு ஒளி 315 டிகிரியிலிருந்து, அதாவது வடமேற்கிலிருந்து வரட்டும். தெற்கிலிருந்து கொடுத்தால் பள்ளத்தாக்கு மேடாகத் தோன்றி கண்ணை ஏமாற்றும். வண்ண அடுக்கை அதன் மேல், நிழல் வண்ணத்தின் ஊடே தெரியும்படி, மல்டிப்ளை முறையில் கலந்தால் போதும்.

தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர் என்று புத்தகத்தில் இருக்கும், உங்கள் தரவில் சற்றுக் குறையலாம். 30 மீட்டர் சதுரத்துக்கு ஒரே மதிப்பு என்பதால் கூர்மையான உச்சி மழுங்கிவிடுகிறது. சோலைக்காடுகளில் நேர்மாறு: ரேடார் அலை மரத்தலைப்பிலேயே பட்டுத் திரும்பி, தரையை உயர்த்திக் காட்டும். இரண்டையும் அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள், வைவாவில் நிச்சயம் கேட்பார்கள்.