ரவையாக உதிர்ந்த பனி

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. இங்கே குளிர்காலமான ஜூலையில்கூடப் பகலில் அரைக்கைச் சட்டை போதும். அதனால் ஆகஸ்டில் டிராகன்ஸ்பர்க் பக்கம் மலையேறப் போகிறேன் என்றதும், மதுரையிலிருந்து அம்மா போனில் சொன்னது ஒன்றுதான்: "குல்லா போட்டுக்கோ, பனி தலையில இறங்கிடும்." மார்கழிப் பனியும் மலைப் பனியும் அம்மாவுக்கு ஒரே கணக்கு. எனக்கும் அன்று காலை வரை அப்படித்தான்.

கூட்டிப்போனவர் டர்பனில் நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்த ஓர் அண்ணன். பாட்டியிடம் கற்ற தமிழ்; பாதி வாக்கியத்தில் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார். அவருடைய ஃபோர் பை ஃபோரில் சானி கணவாய் ஏறி, லெசோத்தோ எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு நடந்தோம். தபானா என்ட்லென்யானா எங்கள் இலக்கு. 3,482 மீட்டர். ஆப்பிரிக்காவில் கிளிமஞ்சாரோவுக்குத் தெற்கே இதைவிட உயரமான சிகரம் கிடையாது.

இரண்டு நாள் முன்னால் பனி கொட்டி, அப்புறம் ராத்திரி முழுக்கக் காற்று. இங்கே வெயில் வடக்கிலிருந்து அடிக்கும், நம் ஊர்க்காரனுக்கு அது பழகவே பழகாது. வடக்குச் சரிவுகளில் புல் தெரிய ஆரம்பித்திருந்தது. தெற்கே பார்த்த ஓர் ஓடைப் பள்ளத்தில் மட்டும் பனி வழவழவென்று கிடந்தது. குறுக்கே கடந்தால் இரண்டு மணி நேரம் மிச்சம். நான் காலை வைத்தேன். காலி டிரம்மைத் தட்டினாற்போல 'தொம்'.

"தம்பி, பின்னால வா."

அண்ணன் கைத்தடியைச் சரிவில் படுக்கவைத்து, அதன்மேல் போனை வைத்துச் சாய்வு பார்த்தார். 36 டிகிரி. பனி பெரும்பாலும் சரிவது 30-லிருந்து 45 டிகிரிக்குள்தானாம். அதைவிடச் செங்குத்தானால் தங்காமல் அவ்வப்போது கொட்டிவிடும். பிறகு பையிலிருந்து சாப்பாட்டுத் தட்டை எடுத்து ஓரமாகக் குழி தோண்டினார். மேலே ஒரு சாண் கெட்டிப் பலகை, விரல் இறங்கவில்லை. காற்று மேட்டிலிருந்து வாரிவந்து அடித்து இறுக்கிய பனி. அதற்குக் கீழே அள்ளினால் ரவை! அசல் ரவை. உருண்டை பிடித்துப் பார்த்தேன், நிற்காமல் உதிர்ந்தது.

இந்த ரவை பழைய பனி. மெல்லிய படலமாகக் கிடக்கும்போது தரையில் வெதுவெதுப்பு, மேலே தெளிந்த வானத்தின் கடுங்குளிர். நடுவே ஈரம் ஆவியாகி மேலேறும். துகள்கள் பெருத்து, ஒன்றோடொன்று ஒட்டும் பிடிப்பை இழக்கும். அந்த ரவைமேல் பலகை உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய் விட்ட கல்லில் தோசை நகர்வதுபோல நகர ஒரு தட்டு போதும். அந்தத் தட்டை யார் தருவார்? ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றை இழுத்துவிடுவது சிக்கியவரோ கூடப் போனவரோதான்.

எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. "அண்ணா, இதென்ன இமயமலையா? இந்தத் துண்டுப் பனி என்னை மூடவா போகுது?"

அவர் கீழே கையைக் காட்டினார். பள்ளம் முடிகிற இடத்தில் பாறை விளிம்பு, அப்புறம் வெறும் காற்று. "மூட வேணாம் தம்பி. தள்ளினா போதும்."

உண்மையில் இந்த மலைகளில் பெரிய பனிச்சரிவு அபூர்வம்; குளிரும் வழுக்கலும்தான் முதல் பயம். 2024 செப்டம்பரில் இதே மலைத்தொடரின் வான் ரீனன் கணவாய்ப் பக்கம், டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையே பனியில் மூடிப்போய், ஜனங்கள் காருக்குள் விறைத்துக் கிடந்தார்கள். ஆனால் ஆல்ப்ஸில் அபாயத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டு, குளிர்காலத்தில் நாள்தோறும் பனிச்சரிவு எச்சரிக்கை வருகிறது. புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்க, ஆளுக்கொரு சிக்னல் கருவி, குத்திப் பார்க்க நீளக்கம்பி, மண்வாரி. எங்களிடம் இருந்தது ஒரு தட்டு.

தூரத்தில் போர்வை போர்த்திய மேய்ப்பர் ஒருவர் ஆடுகளை முகட்டோடு ஓட்டிக்கொண்டு போனார். அவரும் பள்ளத்துப் பக்கம் வரவில்லை. நாங்களும் முகட்டைப் பிடித்துச் சுற்றினோம். இரண்டு மணி நேரம் கூடுதல். சிகரத்துக்குப் போக வெளிச்சம் மிஞ்சவில்லை, திரும்பிவிட்டோம். எரிச்சல்தான், பொய் சொல்வானேன்.

போன வாரம் டர்பனில் ஒரு கடையில் பனி தோண்டும் மண்வாரி கேட்டேன். பையன் ரொம்ப யோசித்து, கடற்கரையில் குழந்தைகள் மணல் அள்ளும் பிளாஸ்டிக் வாரியை நீட்டினான். கடைசியில் தோட்டத்துக்கான இரும்பு வாரி ஒன்றை வாங்கிவந்து, பைக்குள் நுழையும் அளவுக்குக் கைப்பிடியை அறுத்து வைத்திருக்கிறேன்.