கிளிஞ்சல் வந்த போர்வெல்

நிலத்தடி நீர் ஆய்வு வேலைக்காக டெல்டா முழுக்க அலைந்தவன் நான். இங்கே போர்வெல் போட்டு எவ்வளவு இறங்கினாலும் பாறை லேசில் தட்டாது. களி, குறுமணல், மறுபடி களி, பருமணல் என்று மாறி மாறி வரும். பத்தடிக்கு ஒரு கைப்பிடி எடுத்துச் சாக்கில் வரிசையாகப் பரப்பி, எழுதி வைப்பேன்.

வேதாரண்யம் பக்கம் ஒரு போர்வெல்லில் மண்ணோடு கிளிஞ்சலும் வந்தது. வயல்காரப் பெரியவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"பிரளயத்துல வந்தது தம்பி. சீர்காழியில சாமி தோணியில வந்தாரே, அப்ப."

"இல்லைங்க ஐயா. சில ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கடல் உள்ள இருந்துச்சு. அது பின்வாங்கினப்ப விட்டுப்போன கரைங்கதான் இந்த மணல்மேடெல்லாம்."

"அதைத்தானே நானும் சொல்றேன், இங்க கடல் இருந்துச்சுன்னு."

சட்டென்று பதில் வரவில்லை. டீ குடிக்கும்போதுதான் சொன்னேன்: ஒரே வெள்ளமாக இருந்தால் பருமணல் முதலில் படியும், களி கடைசியில் படியும், அதோடு சரி. இங்கே அந்த வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. ஆறும் கடலும் மாற்றி மாற்றி வேலை செய்திருக்கின்றன.

"அப்ப பிரளயம் பல தடவை வந்திருக்கு" என்றார் அவர்.

எங்கள் ஆபீஸிலும் ஒருவர் இருந்தார். புராணம் சொன்னதை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்பார். பெரியவரோடு ஒத்துப்போன எனக்கு இவரோடு முடியவில்லை. கிளிஞ்சலைக் கார்பன் முறையில் பரிசோதித்து வேறு வயது வந்தால் என் கணக்கை நான் அழித்தாக வேண்டும். அவரோ எது வந்தாலும் அழிக்க வேண்டியதில்லை.

ஆனால் கதையைக் கேலி செய்யும் பழக்கம் எனக்கு விட்டுப்போனது கும்பகோணத்தில்தான். 2016 மகாமகத்துக்கு முன்னால் அங்கே வேலை. பிரளயத்தில் மிதந்துவந்த படைப்புக் கும்பத்தைச் சிவன் அம்பெய்து உடைக்கிறார். சிந்திய அமுதத்தை மணலோடு பிசைந்து லிங்கமாக்குகிறார். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். கையில் ஈர மணலோடு நின்றபோதுதான் உறைத்தது, கதையிலும் கல் இல்லை. இந்த ஊர் எதனால் ஆனது என்று அதைச் சொன்னவனுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை வருஷமாக என்பது மட்டும்தான் என் பாடு.

காவிரி கொண்டுவந்து கொட்டிய மண் இதெல்லாம். 1934-இல் மேட்டூர் அணை வந்தபிறகு வண்டல் பெருமளவு அங்கேயே தங்கிவிடுகிறது. பெரியவரிடம் இதையும் சொன்னேன்; அதற்கு அவரிடம் கதை இல்லை.

பதிவேட்டில் 'கடல் படிவு' என்று எழுதினேன். அவர் ஒரு கிளிஞ்சலைக் கழுவி, சாமி மாடத்தில் வைக்க எடுத்துப்போனார்.