புனைபெயர் மின்னஞ்சலில் பிடிபடுபவர் யார்?

தாமிரபரணிக் கரையில் மணல் கொள்ளை பற்றிப் புகார் எழுதுபவர்களின் அச்சம் வெறும் கற்பனை அல்ல. 2023 ஏப்ரலில் முறப்பநாடு கோவில்பத்து கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், மணல் கடத்தலைக் காட்டிக்கொடுத்ததற்காகத் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். எனவே எங்கள் ஊர்ப்பக்கத்தில் பெயர் போடாமல் எழுதுவோர் இருப்பதில் வியப்பில்லை. மொட்டைக் கடிதாசிக்கு ஒரு வசதி உண்டு: அதற்குப் பதில் வராது. புனைபெயரில் மின்னஞ்சல் வைத்திருப்பவரிடமோ, "லாரி எண் தெரியுமா, படம் இருக்கிறதா?" என்று நிருபர் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வி எந்த வீட்டு இணைப்பில் போய் இறங்குகிறது என்பதைக் கவனிப்பவனுக்கு, கடிதத்தைப் பிரித்துப் படிக்க வேண்டிய தேவையே இல்லை.

1993-இல் பின்லாந்தில் யோகான் ஹெல்சிங்கியஸ் தொடங்கிய, பெயரை மறைத்து மின்னஞ்சல் அனுப்பவும் பெறவும் உதவும் சேவையில் புனைபெயர்களுக்குரிய உண்மை முகவரிகள் அனைத்தும் ஒரே கணினியில் இருந்தன. 1995-இல் காவல்துறையின் கட்டாயத்தால் ஒரு முகவரியைக் கொடுக்க நேர்ந்தது, மறு ஆண்டு சேவையையே மூடிவிட்டார். மறையாக்க ஆய்வாளர் டேவிட் சாம் 1981-லேயே காட்டிய வழி இதைவிட நுட்பமானது. பதில் வர வேண்டிய பாதையை அடுக்கடுக்காக மறையாக்கம் செய்து கொடுத்துவிட்டால், இடையிலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் அடுத்த கணினி மட்டுமே தெரியும். ஆனால் அதே பாதையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது, எதிரி அந்தப் புனைபெயருக்கு ஒரே நேரத்தில் ஆயிரம் மின்னஞ்சல்களைக் கொட்டிவிட்டு, யாருடைய இணைப்பு வீங்குகிறது என்று பார்த்தால் போதும். 2003-இல் வந்த மிக்ஸ்மினியன் என்ற பெயர் மறைப்பு மின்னஞ்சல் அமைப்பு ஒவ்வொரு பாதையையும் ஒரே முறைதான் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. அதில் புனைபெயர்க்காரர் புதிய பாதைகளை ஓயாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என் கணிப்பில் 2005-இல் முன்மொழியப்பட்ட, புனைபெயருக்கு வரும் அஞ்சலை எடுப்பதற்கான பின்ச்சன் கேட் என்ற அமைப்புதான் பெறுபவரின் சிக்கலை நேராகத் தொட்டது. இரண்டு சேவையகங்களில் ஒரே மாதிரியான 4 அஞ்சல் பெட்டிகள் இருப்பதாகவும், எனக்கு வேண்டியது 3-வது பெட்டி என்றும் வைத்துக்கொள்வோம். முதல் சேவையகத்திடம் குருட்டாம்போக்கில் தேர்ந்த 1, 4 ஆகியவற்றையும், மற்றதிடம் 1, 3, 4 ஆகியவற்றையும் கேட்கிறேன். ஒவ்வொன்றும் கேட்ட பெட்டிகளை எக்ஸ்ஆர் (ஒரே தரவை இருமுறை சேர்த்தால் அது அடிபட்டுப்போகும் ஒருவகைக் கூட்டல்) செய்து ஒரு பெட்டி அளவுக்கு விடை தரும். அவ்விரு விடைகளையும் நான் மீண்டும் எக்ஸ்ஆர் செய்தால் 1-ம் 4-ம் அடிபட்டுப்போய் 3 மட்டும் மிஞ்சும். இரண்டு சேவையகங்களும் கூட்டுச் சேராதவரை நான் எடுத்தது எது என்று எதற்கும் தெரியாது. அஞ்சல் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த வேளையில் குறித்த அளவே எடுக்கப்படுவதால், கொட்டப்பட்ட ஆயிரமும் வெளியே தெரியாமல் வரிசையில் காத்திருக்கும்.

இத்தனைக்குப் பிறகும், மாவட்டத்திலேயே ஒரே ஒருவர்தான் அந்தச் சேவையகங்களைத் தொடுகிறார் என்றால் கணிதம் அவரைக் காப்பாற்றாது. இன்னொன்று மின்சாரம். பராமரிப்புக்காக எந்தத் துணை மின்நிலையத்தில் என்றைக்கு மின்தடை, எந்தெந்தத் தெருக்களுக்கு என்பது முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடுகிறது. புனைபெயர் மௌனமாக இருந்த நாள்களை அந்த அறிவிப்புகளோடு ஒப்பிட்டால், சில மாதங்களில் பாளையங்கோட்டை முழுவதும் சுருங்கி நாலைந்து தெருக்களாகிவிடும். ஆகவே நிருபருக்கு அன்றன்றே பதில் எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டு, எழுதியதை வரிசையில் வைத்து, சில நாள்கள் கழித்து வெவ்வேறு வேளைகளில் தானாகப் போகும்படி, தம் தெருவில் மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும் வெளியூர்க் கணினி ஒன்றில் அமைத்துக்கொள்வது நல்லது.